பிரேசிலிலிருந்து வந்த அத்தை: ஒரு பழைய ஃபார்ஸ் ஊர் ஊராகப் போன கதை

1892 டிசம்பர் 9 அன்று, லண்டன் சோஹோ பகுதியில் இருந்த ராயல்டி தியேட்டரில் பெர்னார்ட் ஷாவின் முதல் நாடகம் அரங்கேறியது. ஏழைகள் குடியிருக்கும் இடிந்த வீடுகளின் வாடகையில் வசதியாக வாழும் கனவான்களைப் பற்றிய நாடகம். இரண்டே காட்சிகளோடு முடிந்துபோனது. அதே மேடையில் டிசம்பர் 21 அன்று இன்னொரு புது நாடகம் வந்தது. கிழவி வேஷம் கட்டிய ஓர் ஆண்பிள்ளை, பாவாடை தடுக்கத் தடுக்க மேடையைச் சுற்றி ஓடுவான். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கக்கூடிய கதை அவ்வளவுதான். அது நான்கு வருஷம் ஓடியது. 1896 டிசம்பரில் திரை இறங்கியபோது மொத்தம் 1,466 காட்சிகள். அதற்கு முன்பிருந்த லண்டன் சாதனையை அது தாண்டியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் வேறெந்த நாடகமும் அதை முறியடிக்கவில்லை.

பிராண்டன் தாமஸ் எழுதிய ‘சார்லியின் அத்தை’தான் அந்த நாடகம். ஃபார்ஸ், அதாவது ஆள்மாறாட்டமும் ஓட்டமும் நிறைந்த சிரிப்பு நாடகம். அது ஓடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, 1895 பிப்ரவரியில், ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ வந்தது. அதுவும் காதலுக்காகப் பொய்ப்பெயர் சொல்லும் இரண்டு இளைஞர்களின் கதைதான். வைல்ட் கைதான பிறகு 86 காட்சிகளோடு அதை நிறுத்தினார்கள். இன்று ஆங்கிலம் படித்தவர்கள் வைல்டின் வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். தாமஸின் நாடகத்திலிருந்து ஒரே ஒரு வரி தப்பிப் பிழைத்திருக்கிறது: “நான் சார்லியின் அத்தை, பிரேசிலிலிருந்து வருகிறேன், கொட்டைகள் அங்கிருந்துதானே வருகின்றன!” அந்தக் காலத்து ஆங்கிலேயர் வீட்டில் பிரேசில் கொட்டை கிறிஸ்துமஸ் மேஜைப் பண்டம். அந்த நாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததே அவ்வளவுதான் என்பது அந்த வரியின் நகைச்சுவை.

மேற்கோள் காட்ட வரியில்லாத ஒரு நாடகம் நியூயார்க், பெர்லின், மாஸ்கோ, மும்பை என்று போன இடமெல்லாம் எப்படிக் குடியேறியது? வேஷத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிடுவது சுலபம். ஆண் பெண் வேஷம் போட்டால் சனம் சிரிக்கும் என்று. அப்படிச் சிரிக்கவைத்த நாடகங்கள் நூற்றுக்கணக்கில் வந்து போயின, ஒன்றும் நிற்கவில்லை. என் கணிப்பில், இந்த நாடகத்தைத் தாங்குவது அந்த வேஷத்தைக் கட்டாயமாக்கும் ஒரு சமூக விதி. தழுவியவர்கள் ஒவ்வொருவரும் அந்த விதியை என்ன செய்தார்கள் என்று பார்த்தால், அவரவர் ஊரும் காலமும் அதில் தெரிந்துவிடுகின்றன.

கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆக்ஸ்போர்டில் படிக்கும் ஜாக் செஸ்னி தன் அறையில் உட்கார்ந்து காதல் கடிதம் எழுதத் திணறுவதில் திரை உயர்கிறது. வேலைக்காரர் பிராசெட் குறுக்கே குறுக்கே வந்து எழுத விடாமல் செய்கிறார். நண்பன் சார்லி வைக்கம் வருகிறான். அவனுக்கும் இதே வியாதி. ஜாக் விரும்புவது கிட்டியை, சார்லி விரும்புவது ஏமியை. கிட்டிக்குக் கார்டியன், ஏமிக்கு மாமா, இரண்டும் ஒரே ஆள்: ஸ்டீபன் ஸ்பெட்டிக் என்கிற சிடுமூஞ்சி வக்கீல். அவர் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்து கிளம்பப் போகிறார். அதற்குள் பேசி முடிக்க வேண்டும். சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடலாம். ஆனால் கல்யாணமாகாத பெண்கள், கல்யாணமாகாத பையன்களின் அறைக்குத் துணைக்கு ஒரு மூத்த பெண்மணி இல்லாமல் வரமுடியாது. வந்தால் பெயர் கெட்டுவிடும்.

நல்லவேளையாக, சார்லி இதுவரை கண்ணால் பார்த்திராத அவன் அத்தை டோனா லூசியா அன்றைக்குத்தான் பிரேசிலிலிருந்து வருகிறாள். கோடீஸ்வர விதவை. அத்தையைப் பார்க்க வாருங்கள் என்று பெண்களுக்கு அழைப்பு போகிறது. பெண்கள் வரும் நேரத்தில் தந்தி வருகிறது, அத்தை வரச் சில நாளாகும் என்று. அந்நேரம் அங்கே இருப்பவன் பேப்ஸ், அதாவது லார்ட் ஃபேன்கோர்ட் பேபர்லி. ஜாக்கின் ஷாம்பெயின் பாட்டில்களை நைசாகத் தள்ளிக்கொண்டு போக வந்தவன். அமெச்சூர் நாடகம் ஒன்றில் அவனுக்குக் கிழவி பார்ட். டிரஸ் கையோடு இருக்கிறது. அதற்கப்புறம் அவனுக்குத் தப்பிக்க வழியில்லை.

இதில் தாமஸின் கைத்திறன் எங்கே இருக்கிறது என்றால், பேப்ஸுக்கு அந்த வேஷம் போட எந்த ஆசையும் இல்லை. அவனுக்கு அதில் லாபமும் இல்லை. இரண்டு நண்பர்கள் அவன் கையை முறுக்கி உள்ளே தள்ளுகிறார்கள். தள்ளியவர்களே கொஞ்ச நேரத்தில் வயிறெரிகிறார்கள், ஏனென்றால் “அத்தை”யைப் பெண்கள் கட்டிப்பிடிக்கிறார்கள், முத்தம் கொடுக்கிறார்கள், ரகசியம் சொல்கிறார்கள். காதலன் நெருங்க முடியாத தூரத்தைத் துணைக்கு வந்த கிழவி ஒரு நொடியில் தாண்டிவிடுகிறாள். பெண்களைக் காப்பாற்ற ஏற்படுத்திய வேலிக்குள்ளேயே ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருக்கிறான். விதியை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது தன்னால் கேலிக்குள்ளாகிறது.

அடுத்தது பணம். ஜாக்கின் அப்பா சர் ஃபிரான்சிஸ் செஸ்னி இந்தியாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற கர்னல். பட்டத்தோடு கடனும் சேர்ந்து பரம்பரைச் சொத்தாக வந்திருக்கிறது. பணக்கார விதவை வந்திருக்கிறாள் என்றதும் மகனே அப்பாவை மாப்பிள்ளைக் கோலத்தில் அனுப்புகிறான். ஸ்பெட்டிக் பெண்களைத் தேடிக் கொதித்துக்கொண்டு வருகிறார். “கோடீஸ்வரி” என்ற சொல் காதில் விழுந்ததும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுகிறார். ஆக, ஒரு பாவாடையைச் சுற்றி இரண்டு கிழ மாப்பிள்ளைகள். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888இல், நாடகம் எழுதப்படுவதற்கு நான்கே வருஷம் முன்பு. அத்தையின் கோடிகள் எப்படி வந்தன என்று மேடையில் ஒருவரும் கேட்பதில்லை. பன்னிரண்டு நாள் முன்பு அதே மேடையில் ஷா கேட்ட கேள்வி அது. அவருக்குக் கிடைத்தது இரண்டு காட்சி.

பிறகு உண்மையான டோனா லூசியா வந்து சேர்கிறாள். ஈலா என்ற அநாதைப் பெண்ணும் கூட வருகிறாள். தன் பெயரில் வேறொருத்தி உலாவுவதைப் பார்த்ததும், வேறு பெயர் சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பிக்கிறாள். இருபது வருஷம் முன்பு அவளிடம் காதலைச் சொல்லாமல் போன சிப்பாய்தான் சர் ஃபிரான்சிஸ். ஈலா தேடிக்கொண்டிருப்பது பேப்ஸை. கல்யாணச் சம்மதத்தை ஸ்பெட்டிக் எழுத்தில் தர வேண்டும். அதை வாங்க பேப்ஸ் அவரோடு நிச்சயம் செய்துகொள்வதாகத் தலையாட்ட வேண்டும். கடைசியில் குட்டு உடைகிறது. ஏமாற்றி வாங்கிய கடிதம் செல்லாது என்று ஸ்பெட்டிக் குதிக்கிறார். அப்போது உண்மையான அத்தை எழுந்து சொல்கிறாள்: கடிதத்தில் டோனா லூசியா என்றுதானே எழுதியிருக்கிறது, டோனா லூசியாவிடம்தானே வந்து சேர்ந்திருக்கிறது? வக்கீலை வக்கீல் பாணியிலேயே மடக்கும் இந்த இடம் எனக்கு நாடகத்தின் மற்றெல்லா ஓட்டம் சாட்டத்தையும்விட மேலாகப்படுகிறது. முதல் காட்சியில் எழுத முடியாமல் கிழித்த கடிதத்தில் தொடங்கி, மூன்றாம் அங்கத்தில் ஒரு கடிதத்தின் விலாசத்தில் முடிச்சவிழ்கிறது.

தாமஸ் லிவர்பூலில் பிறந்தவர். நடிகர், பாட்டெழுதுபவர், நாடகமும் எழுதுவார். டபிள்யூ. எஸ். பென்லி என்ற குள்ளமான, முகத்தில் சலனமே காட்டாத நகைச்சுவை நடிகருக்காக இதை எழுதினார். முதல் மேடையேற்றம் லண்டனில் அல்ல. 1892 பிப்ரவரி 29 அன்று, பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற சிறு நகரத்தின் தியேட்டர் ராயலில். (1819இல் கட்டிய அந்த அரங்கு இன்னும் நாடகம் போடுகிறது. இடையில் நாற்பது வருஷம் பக்கத்துப் பீர் கம்பெனியின் பீப்பாய்க் கிடங்காக இருந்தது.) பிறகு லண்டன் ராயல்டி, சில வாரங்களிலேயே கூட்டம் தாங்காமல் குளோப் தியேட்டருக்கு மாறியது. பென்லி பேப்ஸாகவும், தாமஸே சர் ஃபிரான்சிஸாகவும் நடித்தார்கள். 1893 அக்டோபரில் நியூயார்க்கிலும் தொடங்கிவிட்டது.

அதே 1892இல் பாரிஸில் ஜார்ஜ் ஃபேடோ தன் ஃபார்ஸ்களை அடுத்தடுத்து மேடையேற்றிக்கொண்டிருந்தார். கதவுகள், ஒளிந்துகொள்ளும் ஆட்கள், தவறான நேரத்தில் உள்ளே வருபவர்கள் என்று உத்தி எல்லாம் ஒன்றுதான். ஆனால் பிரெஞ்சு ஃபார்ஸை ஓட்டுவது கள்ள உறவு. புருஷனுக்குத் தெரியாமல் மனைவி, மனைவிக்குத் தெரியாமல் புருஷன். இங்கிலாந்தில் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் அலுவலகம் படித்துப் பார்த்து அனுமதித்தால்தான் நாடகம் மேடையேறும். 1968 வரை அதுதான் சட்டம். பிரெஞ்சுச் சரக்கு அங்கே வந்து சேர்வதற்குள் சாயம் போய்விடும். தாமஸ் அந்த உத்தியை எடுத்துக்கொண்டு, கள்ள உறவு இருந்த இடத்தில் கல்யாணத்தை வைத்தார். எல்லோரும் முறைப்படி தாலி கட்டத்தான் தவிக்கிறார்கள். அதனால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. பள்ளிக்கூடங்கள், ஊர்ச் சங்கங்கள், பட்டாள முகாம்கள் எல்லாம் போட்டன. லண்டனில் கிறிஸ்துமஸ் சீசன் வந்தால் அத்தையும் வருவாள் என்று பல ஆண்டுகள் வழக்கமே ஆகிவிட்டது.

நடிகனுக்கு இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெண் வேஷம் மோசமாக இருக்க வேண்டும். ஸ்திரீபார்ட் என்றால் நம் ஊரில் பார்ப்பவர்கள் சொக்க வேண்டும், இது ஆண் என்பதே மறந்துபோக வேண்டும். இங்கே நேர்மாறு. கறுப்புக் கவுனுக்கு அடியில் கால்சட்டை இருப்பது சபைக்கு மறக்கவே கூடாது. மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியக் கூடாது. டீ காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பேப்ஸ் பெரிய மனுஷி தோரணையில் கெட்டிலைத் தூக்குகிறான். கவனம் பேச்சில். கோப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பெட்டிக்கின் தொப்பி இருக்கிறது. டீ முழுவதும் அதற்குள் போகிறது. பதற்றத்தில் அதைத் திரும்பக் கெட்டிலுக்குள் ஊற்றும் நடிகர்கள் உண்டு. இதற்கு வசனம் எதுவும் வேண்டாம். நல்ல பேப்ஸ் இந்த இடத்தில் முகத்தை அசைக்கவே மாட்டான். சிரிப்பு மூட்ட நினைத்துக் கண்ணைச் சிமிட்டினால் காட்சி செத்துவிடும், ஏனென்றால் பேப்ஸுக்கு இது விளையாட்டில்லை, மாட்டினால் மானம் போகிற விவகாரம்.

1954இல் ஜான் மில்ஸ் இந்த வேஷத்தில் லண்டனில் நடித்தார், இயக்கியவர் ஜான் கில்கட். அந்தக் கில்கட் இளைஞராக இருந்தபோது, 1920களின் தொடக்கத்தில், இதே நாடகத்தில் சார்லியாக நடித்தவர். நோயல் கோவர்டும் அவருக்குச் சில வருஷம் முன்பு ஊர் ஊராகப் போன குழுவொன்றில் சார்லிதான். பிரிட்டிஷ் மேடையின் இரண்டு பெரிய தலைகள் ஆரம்பத்தில் படியேறிய பாத்திரம் அது என்றாலும், அதில் நடிக்க ஒன்றுமே இல்லை. தலைப்பில் பெயர் இருக்கிறது, மேடையில் வேலையில்லை. அத்தைக்குச் சொந்தக்காரன் என்பது மட்டுமே தகுதி. இந்த ஓட்டையை ஒருவர் கவனித்தார், ஆனால் அமெரிக்காவில், ரொம்ப காலம் கழித்து.

அதற்கு முன் சினிமா. 1925இல் மௌனப் படமாக வந்தது. பேப்ஸாக நடித்தவர் சிட்னி சாப்ளின், சார்லி சாப்ளினின் அண்ணன். தலைப்பைப் பார்த்து ஏமாந்து டிக்கெட் வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள் என்று எனக்கொரு சந்தேகம். வசனமே இல்லாமல் இந்த நாடகம் படமாக முடிந்தது என்பதை வைல்டின் ரசிகர்கள் யோசித்துப் பார்க்கலாம். 1930இல் பேசும் படம். 1940இல் பிரிட்டனில் ரேடியோ புகழ் ஆர்தர் ஆஸ்கி தன் பாணியில் ஒன்றில் நடித்தார். 1941இல் ஹாலிவுட்டில் ஜாக் பென்னி. யுத்த காலத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே அத்தை தேவைப்பட்டிருக்கிறாள். ஜெர்மன்காரர்கள் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். 1956இல் ஹைன்ஸ் ரூமான் நடித்ததும் 1963இல் பீட்டர் அலெக்சாண்டர் நடித்ததும் அங்கே பிரபலம். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் வந்தன. பொதுவாக, நேராக எடுத்த படங்கள் நாடகத்துக்குக் கீழேதான் நிற்கின்றன. மேடையில் ஸ்பெட்டிக் ஏமாறுவதை நாம் ஒத்துக்கொள்கிறோம், தூரமும் வேகமும் அதற்கு உதவுகின்றன. காமிரா கிட்டே போய் முகத்தைக் காட்டினால், இந்த மூஞ்சியையா பெண் என்று நம்பினான் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

அமெரிக்கரின் தீர்வு வேறு மாதிரி. 1948 அக்டோபர் 11 அன்று பிராட்வேயில் ‘வேர்ஸ் சார்லி?’ என்ற இசை நாடகம் தொடங்கியது. பாட்டும் இசையும் ஃபிராங்க் லெஸ்ஸர். கதையமைப்பும் இயக்கமும் ஜார்ஜ் ஆபட். நடன அமைப்பு ஜார்ஜ் பாலன்ஷைன், பாலே உலகத்தின் அதே பாலன்ஷைன். ஆபட் செய்த முதல் வேலை, பேப்ஸை அடியோடு நீக்கியது. அத்தை வேஷத்தை சார்லியே போடுகிறான். ஒரே ஆள் காதலனாகவும் துணைக்கு வந்த கிழவியாகவும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். கவுனை மாட்டுவதும் கழற்றுவதுமாக ஓடுகிறான். அத்தை இருக்கும்போது சார்லி எங்கே, சார்லி இருக்கும்போது அத்தை எங்கே என்று மேடையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், தலைப்பே அதுதான்.

சாதாரண வெட்டு ஒட்டு வேலை போலத் தோன்றும். ஆனால் பாட்டு நாடகத்தில் கூட்டம் யார் மேல் கண் வைத்திருக்கிறதோ அவனுக்குத்தான் காதல் பாட்டு வேண்டும். மூலத்தில் சிரிக்க வைப்பவன் ஒருவன், காதலிப்பவர்கள் வேறு இருவர். ஆபட் இரண்டையும் ஒரே உடம்பில் வைத்தார். அந்த உடம்பு ரே போல்ஜருடையது, எலும்பில்லாதவர் போல் ஆடுபவர், ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் வைக்கோல் பொம்மையாக வந்தவர். ‘ஒன்ஸ் இன் லவ் வித் ஏமி’ என்ற பாட்டை அவர் தனியாக நின்று பாடி ஆடும்போது சபையையும் கூடப் பாட வைப்பார். ஒரு நாள் அவருக்கு வரி மறந்துபோக, தயாரிப்பாளரின் சின்னப் பையன் கீழேயிருந்து பாடி எடுத்துக்கொடுத்ததில் அது ஆரம்பித்தது என்று ஒரு கதை நாடக வட்டாரத்தில் ஓடுகிறது. 792 காட்சிகள் போயின. போல்ஜருக்கு டோனி விருது கிடைத்தது. ஆனால் 1948 ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தில் இருந்தது. முதல் குழுவினரின் பாட்டு இசைத்தட்டாக வரவேயில்லை. லெஸ்ஸரின் அடுத்த படைப்பான ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ வீட்டுக்கு வீடு ஒலித்தது. இது ஒலிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1952இல் போல்ஜரையே வைத்துப் படம் எடுத்தார்கள். 1958இல் லண்டனில் நார்மன் விஸ்டம் நடித்தார். இங்கிலாந்து தந்த அத்தை பாட்டுக் கற்றுக்கொண்டு தாய்வீடு திரும்பியது அப்போதுதான்.

அமெரிக்கர்கள் காதலை நடுவில் வைத்தார்கள் என்றால், ரஷ்யர்கள் வைத்தது வறுமையை. 1975இல் விக்டர் டிட்டோவ் இயக்கிய ‘வணக்கம், நான் உங்கள் அத்தை!’ சோவியத் டெலிவிஷனுக்காக எடுத்த படம். அலெக்சாண்டர் கல்யாகின் பேப்ஸ். இவன் பிரபு இல்லை. வேலையில்லாதவன், வீடில்லாதவன். போலீஸ் துரத்த ஓடிவந்து ஒரு பணக்கார வீட்டுக்குள் விழுகிறான். அங்கே இரண்டு பையன்களுக்கு ஓர் அத்தை தேவைப்படுகிறாள். மாட்டேன் என்றால் போலீஸ் வாசலில் நிற்கிறது. மூலத்தில் நண்பர்கள் கையை முறுக்கினார்கள் என்றேன் அல்லவா, இங்கே அந்த முறுக்கல் நிஜமாகிவிட்டது. லார்டுகளைக் கேலி செய்வது சோவியத் அதிகாரிகளுக்கு உவப்பான விஷயம். அதைப் போர்வையாக வைத்துக்கொண்டு, டிட்டோவ் சாப்ளின் காலத்து மௌனப் படங்களின் வேகத்தையும் அசட்டுத்தனத்தையும் உள்ளே கொண்டுவந்தார்.

அந்த ஒரே வரியும் மாறியது. கொட்டை போய்க் குரங்கு வந்தது. “நான் சார்லியின் அத்தை, காடுகளில் காட்டுக் குரங்குகள் ஏராளமாக இருக்கும் பிரேசிலிலிருந்து வருகிறேன்.” ரஷ்யாவில் இந்த வரியைத் தெரியாதவர் குறைவு. அத்தையின் பெயர் அங்கே டோனா ரோசா. மிஹைல் கசக்கோவ் நடித்த கர்னல் அவளிடம், தான் கிழட்டுச் சிப்பாய், காதல் மொழி தெரியாதவன் என்று ஆரம்பிப்பதும் வழக்குப் பேச்சில் கலந்துவிட்டது. வசனமில்லாமல் புறப்பட்ட நாடகம் போன இடத்தில் வசனம் சம்பாதித்துக்கொண்டது. நடுவில், கவுனும் தொப்பியுமாக உட்கார்ந்து கல்யாகின் ஒரு பாட்டுப் பாடுகிறார். ராபர்ட் பர்ன்ஸின் கவிதை, மர்ஷாக் மொழிபெயர்த்தது: காதலும் வறுமையும் என்னை என்றைக்குமாக வலையில் பிடித்துவிட்டன என்று தொடங்கும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இரண்டு நிமிஷம் சிரிப்பதில்லை. பெண் வேஷத்துக்குள் இருப்பவன் நிஜமாகவே போக்கிடமில்லாதவன் என்பது அப்போதுதான் உறைக்கிறது. தாமஸின் நாடகத்தில் இப்படி ஓர் இடம் கிடையாது. எல்லாத் தழுவல்களிலும் இதுதான் மேல் என்று நான் சொல்வேன், லெஸ்ஸரின் ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும்.

மராத்திக்கு வருவோம். பிரஹ்லாத் கேசவ் அத்ரே பத்திரிகையாசிரியர், மேடைப் பேச்சாளர், ‘ஷ்யாம்ச்சி ஆயி’ படத்தின் இயக்குநர். இந்திய அரசின் ஜனாதிபதி தங்கப் பதக்கம் முதன்முதலில் அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. அவர் 1940களின் இறுதியில் இந்த ஃபார்ஸை ‘மோரூச்சி மாவ்ஷி’ (மோரூவின் சித்தி) ஆக்கினார். காலத்தைக் கவனிக்க வேண்டும். மராத்தி மேடை அதற்கு முன்பு பால் கந்தர்வாவின் மேடை. ஆண் உடம்பில் நாயகியாக நின்று, சேலை கட்டும் பாணியைக் குடும்பப் பெண்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் அளவுக்குக் கோலோச்சியவர். அந்த மேடை மறைந்து, பெண் வேஷத்தைப் பெண்களே போடுவது இயல்பாகிவிட்ட பிறகுதான், சேலை கட்டிய ஆண் சிரிப்புக்குரியவனாக முடியும். பால் கந்தர்வா உச்சத்தில் இருந்தபோது இதே நாடகம் வந்திருந்தால், அத்தை கொஞ்சம் சுமாராகத்தான் அலங்காரம் செய்திருக்கிறாள் என்று சபை முணுமுணுத்திருக்கும், அவ்வளவே.

1980களில் சுயோக் நாடகக் குழு இதை மீண்டும் எடுத்தது. மாவ்ஷியாக விஜய் சவான். கூடவே பிரசாந்த் தாம்லேயும் பிரதீப் பட்வர்தனும். ‘டாங் டிங் டிங்கா’ என்ற பாட்டுக்கு விஜய் சவான் போட்ட ஆட்டத்துக்காகவே சனம் திரும்பத் திரும்ப வந்தது. அதற்கப்புறம் அவர் எத்தனையோ படங்களில் நடித்தும், 2018இல் இறந்தபோது செய்திகள் அவரை மாவ்ஷி என்றே அடையாளம் சொல்லின.

பெண் வேஷப் படம் என்றதும் எல்லாவற்றையும் இந்த அத்தையின் பேரப்பிள்ளைகள் என்று எழுதுவது ஒரு வழக்கம். ‘சம் லைக் இட் ஹாட்’ வேறு வம்சம். 1935இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படம் அதன் மூலம். நமக்கு உடனே ஞாபகம் வரும் ‘அவ்வை சண்முகி’க்கு வழிகாட்டி ‘மிஸஸ் டவுட்ஃபயர்’. அந்தக் கதைகளில் வேஷம் போடுபவன் தன் தேவைக்குப் போடுகிறான்: உயிர் தப்ப, அல்லது பெற்ற பிள்ளையைப் பார்க்க. அதனால் அவன் வேஷத்தை நன்றாகப் போட்டாக வேண்டும். பேப்ஸ் அடுத்தவன் காதலுக்காக, ஒரு மத்தியானத்துக்கு, அரைகுறையாகப் போடுகிறான். பிரபல பெண் வேஷக் கலைஞர் டேனி லா ரூ 1969இல் பிபிசியில் இதை நடித்தார். அழகாகப் பெண்ணாக மாறுவதே தொழிலாகக் கொண்டவரை இந்த வேஷத்தில் போடுவது, கச்சேரிப் பாடகரைக் கூப்பிட்டு அபஸ்வரமாகப் பாடச் சொல்வது மாதிரி.

பிரிட்டனில் இப்போது இதை மேடையேற்றுபவர்களுக்குத் தொல்லை வேறு. 2012இல் லண்டன் மெனியர் சாக்லேட் ஃபேக்டரியில் மாத்யூ ஹார்ன் நடித்த மறுமேடையேற்றமும் விக்டோரியா காலத்து உடையிலேயே வந்தது. வேறு வழியில்லை. ஆக்ஸ்போர்டு 1920இலேயே பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இன்றைய மாணவன் அறைக்குச் சிநேகிதி சாப்பிட வர அத்தை எதற்கு? ஜாக்கும் சார்லியும் இன்றைய ஜீன்ஸில் நின்றால் முதல் பத்து நிமிஷத்திலேயே கதை முடிந்துபோகும். கார்ஸெட்டும் தொப்பியும் அங்கே விதியை ஞாபகப்படுத்தும் வேலையைச் செய்கின்றன. இப்படியொரு கட்டுப்பாடு ஒரு காலத்தில் இருந்தது என்று சபைக்கு முதலில் பாடம் எடுத்துவிட்டுத்தான் சிரிக்க வைக்க வேண்டியிருக்கிறது. மும்பையில் மாவ்ஷிக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. பையன்கள் தங்கியிருக்கும் அறைக்குப் பெண்கள் தனியாக வரக்கூடாது என்பதை, சிவாஜி மந்திரிலோ தாதர் பக்கத்து வேறு அரங்கிலோ டிக்கெட் வாங்கி உட்கார்ந்த யாருக்கும் ஒருவரும் விளக்க வேண்டியிருந்திருக்காது; அவரவர் கட்டடத்திலேயே அந்த விதியை அமல்படுத்த இரண்டு மாவ்ஷிகளாவது இருந்திருப்பார்கள்.